கோல்ஃப் கிரீன்: கட்டுமானமும் காலர் விளிம்பும்

கோல்ஃப் மைதானத்தில் குழி அமைந்திருக்கும், புல் மிகக் குட்டையாக வெட்டப்பட்ட பகுதிக்குக் கிரீன் என்று பெயர். அதைச் சுற்றி ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்தில், சற்றே உயரமான புல்லுடன் ஓடும் வளையம் காலர் எனப்படுகிறது. பார்வைக்கு இரண்டும் புல்தரைதான். ஆனால் நல்ல கிரீன் ஒன்றின் பெரும்பகுதி புல்லுக்குக் கீழே இருக்கிறது. ஏறக்குறைய 40 செ.மீ. ஆழத்துக்கு மணல், ஜல்லி, குழாய் என்று அடுக்கடுக்காகக் கட்டப்படும் அமைப்பு அது. கனமழையை உடனே வெளியேற்ற வேண்டும். அதே நேரத்தில் வேருக்கு எட்டும் தூரத்தில் கொஞ்சம் நீரைப் பிடித்தும் வைத்திருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே மணல் அடுக்கு செய்வதுதான் கிரீன் கட்டுமானத்தின் உட்பொருள். அந்த ஏற்பாடு பிசகினால் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது காலர்.

ஏன் இவ்வளவு பாடு?

18 குழிகள் கொண்ட மைதானத்தின் வழக்கமான இலக்கு 72 அடிகள். அதில் பாதி, அதாவது 36 அடிகள், கிரீனின் மேல் பந்தை உருட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. மைதானத்தின் பரப்பில் கிரீன்கள் மிகச் சிறு பங்குதான். ஒரு கிரீன் பெரும்பாலும் 500 முதல் 600 சதுர மீட்டர் வரை இருக்கும். ஆடுபவர் எல்லாரும் அந்தச் சிறிய இடத்தில் வந்து நின்று, நடந்து, குனிந்து, திரும்பியாக வேண்டும். குழியின் விட்டம் 108 மி.மீ. மட்டுமே என்பதால் அதைச் சுற்றியுள்ள சில அடி நிலம்தான் மிகுதியாக மிதிபடுகிறது. குழியை அடிக்கடி இடம் மாற்றி வெட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

களிமண் கலந்த சாதாரண நிலம் இந்த மிதிப்பைத் தாங்காது. துகள்கள் நெருங்கி இறுகும்; காற்றுக்கு இடமிருக்காது; மழை பெய்தால் நீர் மேலே நிற்கும். அதன் மேல் வளரும் புல்லோ 3 அல்லது 4 மி.மீ. உயரத்துக்கு வெட்டப்படுகிறது. இலைப்பரப்பு குறையும்போது புல் தயாரிக்கும் உணவும் குறைகிறது, வேரும் மேலோட்டமாகிறது. ஏற்கெனவே அரைப் பட்டினியில் இருக்கும் அந்த வேருக்குக் காற்றும் இல்லையென்றால் சில நாட்களில் கிரீன் மஞ்சளாகிவிடும்.

பழைய முறைகளும் பிரவுன்களும்

கோல்ஃப் வளர்ந்த ஸ்காட்லாந்தின் கடற்கரைகளில் நிலமே மணலானது. அங்கே யாரும் கிரீனைக் கட்டவில்லை. இருந்ததை வெட்டிச் சீராக்கினார்கள். ஆட்டம் உள்நாட்டு மண்ணுக்குப் போனபோது, அக்கம்பக்கத்து மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் புல் வளர்க்கும் முறை வந்தது. இன்றும் பல பழைய மைதானங்களில் இருப்பவை இத்தகைய குவிமண் கிரீன்களே.

இந்தியாவுக்குக் கோல்ஃப் வெகு முன்பே வந்துவிட்டது. 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள மிகப் பழைய கோல்ஃப் கிளப்பாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல் தோன்றியது. குளிர்ந்த மலைகளில் புல் வளர்ப்பது அவ்வளவு கடினமல்ல. நீர் குறைந்த சமவெளியில்தான் சிக்கல். அங்கே பல மைதானங்கள் புல்லையே கைவிட்டு, குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பின. இறுக்கிய தரையின்மேல் சில செ.மீ. கனத்துக்கு மணல், அது காற்றில் பறக்காமலும் மழையில் கரையாமலும் இருக்கப் பழைய எஞ்சின் எண்ணெய். கிரீனுக்கு எதிராக இதற்குப் பிரவுன் என்று பெயர் வந்தது. ஒருவர் ஆடி முடித்ததும் கால்தடம் மறைய மணலை இழுத்துச் சமன்படுத்துவார்கள். இது இந்தியாவுக்கு மட்டும் உரிய குறையுமல்ல. அமெரிக்காவின் புகழ்பெற்ற பைன்ஹர்ஸ்ட் 2-ஆம் எண் மைதானத்திலும் 1935 வரை மணல்தான் இருந்தது.

பிரவுனின் தர்க்கம் நம் நெற்களத்தின் தர்க்கம். சாணம் மெழுகிய களம் நீரை உள்ளே விடாது, ஓடவிடும், பிரவுனும் அப்படித்தான். நீர் மிச்சமாகிறது என்பது உண்மை. எண்ணெய் மண்ணில் இறங்குகிறது என்பதும் உண்மையாதலால், அதைச் சிக்கனமான பழைய நல்ல முறை என்று கொண்டாடுவதற்கில்லை.

தொங்கும் நீர்

1960-ல் யு.எஸ்.ஜி.ஏ. எனப்படும் அமெரிக்க கோல்ஃப் சங்கம் கிரீன் கட்டுவதற்கான பரிந்துரைகளை வெளியிட்டது. மார்வின் ஃபெர்குசன் முன்னின்று நடத்திய ஆய்வுகள் அதற்கு அடிப்படை. பிறகு பலமுறை திருத்தப்பட்ட போதிலும் அதன் மையக் கருத்து மாறவில்லை: மேலே 300 மி.மீ. மணல், அதன் கீழே 100 மி.மீ. ஜல்லி, ஜல்லிக்கு அடியில் வடிகால் குழாய்.

ஜல்லி எதற்கு என்று கேட்டால் நீர் வேகமாக இறங்குவதற்கு என்றுதான் பலரும் சொல்வார்கள். அது பாதி விடை. பூந்தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லுகளைப் போட்டு மண் நிரப்பும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்படிச் செய்தால் மண்ணில் நீரே தங்காது என்று நினைக்கிறோம். உண்மையில் ஓட்டுச்சில்லுக்கு நேர் மேலே உள்ள மண் ஊறிக்கிடக்கும். நுண்ணிய துகள்களின் சிறு இடைவெளிகள் நீரை இழுத்துப் பிடிக்கின்றன. கீழே உள்ள பெரிய இடைவெளிகளுக்கு அந்த இழுவிசை இல்லை. எனவே மணலின் அடிப்பகுதி முழுதும் நிறைந்து, நீரின் எடை அந்தப் பிடியை வென்ற பிறகே நீர் ஜல்லிக்குள் சொட்டும். அதுவரை அது மணலின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். இதைத் தொங்கு நீர்மட்டம் எனலாம்.

தொட்டியில் தொல்லையாக இருக்கும் இதே இயல்பைக் கிரீன் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. மணலின் கனம் 300 மி.மீ. என்று வகுக்கப்பட்டது இதனால்தான். அந்த உயரத்தில், பொருத்தமான மணலாக இருந்தால், அடியில் நீரும் மேலே காற்றும் இருக்கும். மணலை 200 மி.மீ. ஆக்கினால் ஈரம் மேற்பரப்பை நெருங்கிக் கிரீன் சதசதக்கும். 400 ஆக்கினால் வேருக்கு நீர் எட்டாது. செலவைக் குறைக்க ஓர் ஓரத்தில் மணலைக் குறைத்துப் போட்டால், எந்த ஓரத்தில் குறைத்தார்கள் என்பதை முதல் மழைக்காலமே சொல்லிவிடும்.

மணலும் ஜல்லியும்

நல்ல மணல் எது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சல்லடை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பரிந்துரையின்படி, துகள்களில் குறைந்தது 60 விழுக்காடு 0.25 மி.மீ. முதல் 1 மி.மீ. வரையிலான அளவில் இருக்க வேண்டும். வண்டல் 5 விழுக்காட்டையும் களி 3 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. கலவையின் மொத்தக் கனஅளவில் 35 முதல் 55 விழுக்காடு வெற்றிடமாக இருக்க வேண்டும். அதில் 15 முதல் 30 விழுக்காடு காற்றுக்கும், 15 முதல் 25 விழுக்காடு நீருக்கும். நீர் ஊடுருவும் வேகம் மணிக்குக் குறைந்தது 150 மி.மீ.

தமிழ்நாட்டில் இதைப் பெறுவது எளிதல்ல. ஆற்று மணல் அள்ளுவதற்குக் கட்டுப்பாடு உண்டு; அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஒரு கணக்கைப் பார்த்தால் அளவு புரியும். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு 300 மி.மீ. கனத்தில் 150 கன மீட்டர் மணல் தேவை. கன மீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் 240 டன். பத்து டன் ஏற்றும் லாரி 24 முறை வர வேண்டும். 18 கிரீன்களுக்கு 432 நடை. விளையாட்டுக்காக ஆற்றிலிருந்து இவ்வளவு அள்ளலாமா என்பது பொறியியல் கேள்வி மட்டுமல்ல.

மாற்றாக எம்-சாண்ட் இருக்கிறது. அதன் துகள்கள் கூர்முனை உள்ளவை. ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு தரையை உறுதியாக்கும். ஆனால் கல் அரைக்கும்போது வரும் தூசி அதில் இருக்கிறது. கட்டடக் கலவைக்குப் பெரிதாகக் கெடுதல் செய்யாத அளவு தூசிகூட இங்கே இடைவெளிகளை அடைத்துவிடும். ஆகவே கழுவி, சலித்து, சோதித்த பிறகே பயன்படுத்த முடியும். கடற்கரை மணலில் உப்பு ஒரு பக்கம் இருக்க, துகள்கள் உருண்டையாகவும் ஒரே அளவாகவும் இருந்தால் காலடியில் நகரும்.

வெறும் மணலில் சத்து தங்காது. மேற்கு நாடுகளில் பீட் எனப்படும் சதுப்புநில மட்கைக் கலக்கிறார்கள். தென்னை வளரும் ஊர்களில் மட்கிய, உப்பு நீக்கிய நார்க்கழிவு அதே வேலைக்கு உதவும். பொள்ளாச்சிப் பக்கம் மலைபோல் குவியும் பொருள் அது. கலவையை வெளியிலேயே சீராகக் கலந்து கொண்டுவர வேண்டும். மணலைக் கொட்டிவிட்டு மேலே நார்க்கழிவைத் தூவி உழுதால் ஒரே கிரீனில் பத்து விதமான மண் உருவாகிவிடும்.

ஜல்லியைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்குக் குறையில்லை. கருங்கல் கெட்டியானது, நீரில் கரையாது, நொறுங்காது. ஆனால் கான்கிரீட்டுக்குப் போடும் முக்கால் ஜல்லி இங்கே உதவாது. அதன் இடைவெளிகள் பெரியவை. மேலுள்ள மணல் அதற்குள் வழிந்து இறங்கி, சில ஆண்டுகளில் கிரீன் குழி விழும். 6 முதல் 9 மி.மீ. அளவிலுள்ள சிறு ஜல்லியே ஏற்றது. மணலின் பெரிய துகள்களும் ஜல்லியின் சிறிய துகள்களும் அளவில் நெருங்கியிருந்தால், மணல் ஜல்லியின் வாயில் பாலம் போல் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். அத்தகைய ஜல்லி கிடைக்காத இடத்தில், இரண்டுக்கும் நடுவே 50 முதல் 100 மி.மீ. கனத்துக்குக் கரடுமுரடான மணல் அடுக்கு ஒன்று தேவைப்படும்.

இத்தனைக்கும் அடியில் இருக்கிறது அடித்தளம். முடிந்த கிரீனில் எங்கே மேடு, எங்கே பள்ளம் இருக்க வேண்டுமோ, அதே வடிவத்தில் 400 மி.மீ. கீழே நிலத்தைச் செதுக்கி இறுக்குகிறார்கள். அதில் பள்ளம் தோண்டி, 100 மி.மீ. விட்டமுள்ள துளையிட்ட குழாய்களை, ஒன்றுக்கொன்று 5 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் பதிக்கிறார்கள். குழாயின் சாய்வு எங்கும் அரை விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஜல்லியை மூடிய பிறகு இவற்றைத் திரும்பப் பார்க்க வழியில்லை என்பதால் ரசமட்டம் வைத்துப் பார்க்கும் பொறுமை இந்தக் கட்டத்தில்தான் வேண்டும்.

செலவைக் குறைக்க விரும்புவோர் ஜல்லி அடுக்கை விட்டுவிட்டு, குழாய் பதித்த நிலத்தின்மேல் நேரே மணலைப் போடுவதும் உண்டு. கலிஃபோர்னியா முறை எனப்படும் அது மழை மிகுந்த இடங்களில் நன்றாகவே செயல்படுகிறது. வறண்ட இடங்களில் தொங்கு நீரின் பயன் குறைவதால் அடிக்கடி நீர் பாய்ச்ச நேரும்.

சரிவில் ஒரு கிரீன்

இதுவரை சொன்னது சமதளத்துக்கான கணக்கு. மலையில் அது மாறும். எடுத்துக்காட்டாக, கோல்ஃபுக்கு அல்லாமல் சாமைக்கும் காவலூர் வானியல் நிலையத்துக்கும் பெயர் பெற்ற ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்ளலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த அதன் சரிவுகளில் ஒரு கிரீன் கட்டுவதென்றால் முதலில் ஒரு பக்கத்தை வெட்டி, அந்த மண்ணால் மறுபக்கத்தை நிரப்பிச் சமப்படுத்த வேண்டும். வெட்டிய பக்கம் பாறை போல் அசையாது. நிரப்பிய பக்கமோ இரண்டு மூன்று மழைக்காலம் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் ரோலரால் இறுக்காவிட்டால், வெட்டும் நிரப்பும் சேரும் கோட்டில் கிரீன் மடிந்துவிடும். குழாயும் அங்கேதான் ஒடியும்.

அடுத்தது மேட்டிலிருந்து வரும் நீர். கிரீன் தன்மேல் விழும் மழைக்காகத்தான் வடிவமைக்கப்படுகிறது. மலை முழுவதிலிருந்தும் வழியும் நீருக்காக அல்ல. அந்த நீர் செம்மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்து மணலின்மேல் படியவிட்டால் இடைவெளிகள் அடைபட்டு, செய்த செலவெல்லாம் வீண். எனவே மேல்பக்கத்தில் ஒரு வெட்டுவாய்க்கால் அமைத்து நீரைத் திருப்பிவிட வேண்டும். மலை உழவர் வயலுக்கு மேலே வரப்பும் வாய்க்காலும் போடுவது போன்ற வேலைதான் இது.

மூன்றாவது சிக்கல் நுட்பமானது. கிரீன் சாய்வாக இருந்தால் தொங்கு நீரும் சாய்வை நோக்கி மெல்ல நகரும். மேட்டுப்பகுதி காய்ந்து பழுப்பாகும். அதே நாளில் தாழ்ந்த பகுதி ஈரத்தில் பாசி பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு நீர் பாய்ச்சுவது தவறு. குழி வெட்டத்தக்க இடங்களில் சாய்வு 3 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்ற பொது வழக்கம், பந்து நிற்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. நீரின் பார்வையிலும் அது நியாயமானதே.

அறுகம்புல்லும் தண்ணீரும்

தென்னிந்தியச் சமவெளிகளில் கிரீனுக்கு ஏற்ற புல் வெளிநாட்டாருக்கு பெர்முடா புல், நமக்கு அறுகம்புல். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே இனத்தை, தென்னாப்பிரிக்க உறவுப் புல் ஒன்றுடன் கலந்து, அமெரிக்காவின் டிஃப்டன் நகரில் கிளென் பர்ட்டன் கலப்பினங்களை உருவாக்கினார். 1956-ல் டிஃப்கிரீன், 1965-ல் டிஃப்ட்வார்ஃப் ஆகியவை வெளிவந்தன. இந்தக் கலப்பினங்கள் விதை தருவதில்லை. தண்டுத் துண்டுகளைத் தூவி, மணலில் அழுத்தித்தான் வளர்க்க வேண்டும். நீலகிரி போன்ற உயர்ந்த, குளிர்ந்த இடங்களில் பென்ட் வகைப் புற்களுக்கு வாய்ப்புண்டு. உப்பு நீர் உள்ள கடற்கரைகளில் பாஸ்பாலம் புல் தாக்குப்பிடிக்கும்.

கோடையில் ஒரு நாளில் 6 மி.மீ. நீர் ஆவியாகிறது என்று கொண்டால், 500 சதுர மீட்டர் கிரீன் ஒன்று நாளொன்றுக்கு 3,000 லிட்டர் கேட்கும். 18 கிரீன்கள் 54,000 லிட்டர். மைதானத்தின் மற்ற புல்வெளிகளுக்கான தேவை இதைவிடப் பன்மடங்கு. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நகரங்களில் இந்தக் கணக்கு கேள்விக்குள்ளாவது இயல்பே. சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துவதுதான் ஏற்கத்தக்க வழி.

மழைக்காலத்தில் கேள்வி தலைகீழாகும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 490 மி.மீ. மழை பெய்தது. சராசரியாகப் பார்த்தால் அது மணிக்கு 20 மி.மீ.தான், மணிக்கு 150 மி.மீ. விழுங்கும் மணலுக்கு அது பெரிய சுமையல்ல. ஆனால் குழாயின் வெளிவாய் ஏற்கெனவே வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் எந்த மணலாலும் பயனில்லை. கிரீனின் வடிகால் அது போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்ததே. சென்னை கிண்டியில் பந்தயத் திடலுக்குள் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் நெடுங்காலம் இயங்கிவந்தது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பந்தய கிளப்பின் குத்தகையை ரத்து செய்து சுமார் 160 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டது, வழக்குகளும் எழுந்தன. அந்த வளாகத்தில் வெள்ளநீரைத் தேக்கக் குளங்களும் வெட்டப்பட்டன.

காலர்

ஆட்ட விதிகளின்படி காலர் கிரீனின் பகுதியல்ல. பந்து கிரீனில் நின்றால் அடையாளம் வைத்து எடுத்துத் துடைக்கலாம். காலரில் நின்றால் பொதுவாகத் தொடக் கூடாது. ஓர் அங்குல வேறுபாடு ஓர் அடியைப் பறித்துவிடக்கூடும் என்பதால் இரண்டுக்கும் இடையிலான கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். காலரின் புல் 8 முதல் 12 மி.மீ. உயரத்தில் வெட்டப்படுவது இதற்காகவும்தான்.

விதிப்படி வேறானாலும் நிலத்துக்கு அடியில் காலர் கிரீனோடு சேர்ந்தது. நல்ல கட்டுமானத்தில் மணலும் ஜல்லியும் காலரின் வெளி விளிம்பு வரை நீளும். அங்கே மணல் முடிந்து இயற்கை மண் தொடங்குகிறது. களிமண்ணின் நுண்ணிய இடைவெளிகள் மணலிலுள்ள ஈரத்தைப் பக்கவாட்டில் உறிஞ்சும். விளைவாக, நடுப்பகுதி பசுமையாக இருக்கும்போதே காலர் மட்டும் ஒரு வளையமாகக் காயும். நீர் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாகப் பாய்ச்சினால் கிரீனின் நடுப்பகுதி அழுகும். இதைத் தடுக்க, கட்டும்போதே மணலுக்கும் மண்ணுக்கும் நடுவே கெட்டியான பிளாஸ்டிக் தாளைச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். செலவு சொற்பம். விடுபட்டுப் போவதும் பெரும்பாலும் இதுவே.

காலருக்கு வேறு தொல்லைகளும் உண்டு. வெட்டும் இயந்திரம் ஒவ்வொரு முறையும் இங்கேதான் திரும்புகிறது. சக்கரம் அழுந்தித் தேய்கிறது. வெளியே வளரும் முரட்டு அறுகு, காலர் வழியாகக் கிரீனுக்குள் ஓடிவருகிறது. மாதத்துக்கொரு முறையாவது கூரிய கத்தியால் விளிம்பைக் கீறிவிடாவிட்டால் இரண்டு புற்களும் கலந்துவிடும். பிறகு பிரிப்பது நடவாத காரியம்.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது மெல்ல எழும் அணை. கிரீனைச் சமமாக வைக்க அதன்மேல் அவ்வப்போது மெல்லிய மணலைத் தூவித் தேய்க்கிறார்கள். தேய்க்கும்போதும் வெட்டும்போதும் அந்த மணலில் ஒரு பங்கு வெளிநோக்கி நகர்ந்து, காலரின் உயர்ந்த புல்லில் சிக்கிக்கொள்கிறது. ஒரு முறைக்கு அது ஒரு மி.மீ. கூட இராது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் காலர் கிரீனைவிட உயர்ந்து வரப்பாகிவிடும். கிரீனின் மேற்பரப்பிலிருந்து வழிந்தோட வேண்டிய மழைநீர் அந்த வரப்பில் மோதி நிற்கும். புல் நோயுற்று இறப்பதைப் பார்த்து மருந்தடிப்பார்கள். மட்டம் பார்க்க யாருக்கும் தோன்றாது. ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தாலே தெரிந்துவிடும் விஷயம்.

அணையை உடைக்கும் வேலை எளிமையானது, ஆனால் கைவேலை. நீர் வெளியேறும் திசையில் காலரின் புல்லைப் பாய்போல் சுருட்டி எடுக்க வேண்டும். அடியில் சேர்ந்த மணலையும் மட்கையும் மட்டம் பார்த்து வழித்தெறிந்து, தரையைத் தட்டி இறுக்கி, அதே புல்லைத் திரும்ப விரித்து, இணைப்புகளில் மணல் நிரப்ப வேண்டும். வேர் பிடிக்கும்வரை இயந்திரத்தைத் திருப்பாமல், பலகை போட்டு அதன்மேல் நடக்க வைப்பார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, ஆகஸ்டிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ இதைச் செய்தால், அக்டோபரில் மழை வலுக்கும்போது நீர் போகும் வழி திறந்திருக்கும்.